இரண்டு தழும்புகளும் ஒரு காதும்

2024 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். பல் துலக்கி ஒரு கோப்பை வெந்நீர் குடித்தேன். 5.55க்குக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, மார்பில் ஒட்டியிருந்த இரண்டு சிலிகான் பட்டைகளையும் வெளி ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தேன். அவற்றை மிதமான சோப்பில் கழுவி, ஒட்டும் பக்கம் மேலே இருக்கும்படி தட்டில் வைத்தேன். காய இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தில் தழும்புகளை அளப்பது வழக்கம்.

அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பது என் தொழில். ஜூரோங்கில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தராசுகளையும் வெப்பமானிகளையும் சோதித்துவருகிறேன். வயது ஐம்பத்தொன்று. வீட்டில் ஒரு வெர்னியர் அளவி இருக்கிறது. அதன் முனை தோலை அழுத்தாமல் தொட மட்டும் செய்யப் பழகியிருந்தேன். அன்று இடது தழும்பின் அகலம் 2.8 மில்லிமீட்டர். போன வாரமும் அதேதான். வலது 4.1. போன வாரம் 3.5.

வெள்ளிக்கிழமைகளில் இன்னொரு வேலையும் உண்டு. தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தழும்பின் மேல் வைத்து, மெல்லிய பேனாவால் ஓரத்தை வரைந்துகொள்வேன். முதல் வாரத் தாளில், டாக்டர் கத்தியால் கீறிய கோடு இருக்கிறது. அன்று வரைந்த தாளை அதன் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வலது பக்கத்தில், அக்குளை நோக்கிப் போகும் முனையில், புதிய கோடு பழைய கோட்டைத் தாண்டியிருந்தது. ஒரு மில்லிமீட்டர்தான்.

என் மனைவி கலா அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தாள்களை அவளிடம் காட்டினேன்.

"தாண்டியிருக்கா?" என்றாள்.

"தாண்டியிருக்கு."

"சரியா பாத்தீங்களா?"

இந்தக் கேள்வியைத் திருமணமாகி இருபத்து மூன்று ஆண்டுகளில் அவள் என்னிடம் கேட்டதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவளும் தாள்களை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டாள்.

ஒரு மில்லிமீட்டருக்கு ஏன் அவ்வளவு பயந்தோம் என்று சொல்ல வேண்டும்.

ஆண்களின் மார்பில் பெண்களுக்கு இருப்பதுபோலச் சுரப்பித் திசு வளர்வதை கைனகோமாஸ்டியா என்பார்கள். பெரும்பாலும் ஆபத்தில்லாதது. எனக்குப் பதிமூன்று வயதில் வந்தது, பிறகு போகவில்லை. பள்ளியில் நீச்சல் வகுப்பு இருந்த நாட்களிலெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்தது. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில், இருபது பேர் ஒன்றாகக் குளிக்கும் இடத்தில், எனக்கு ஒரு பெண் பெயர் வைத்தார்கள். இரண்டரை ஆண்டும் அதுதான் என் பெயராக இருந்தது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

பத்து ஆண்டுகளுக்கு முன் கலாவின் கருப்பையில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. புற்றா இல்லையா என்று தெரிய ஒன்பது நாட்கள் ஆயின. அந்த ஒன்பது நாட்களில் ஒரு நாள், சிராங்கூன் சாலையில் பேருந்துக்காக நின்றபோது, முருகனுக்குப் பால் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். முடிவு நல்லபடியாக வந்தது. காவடி எடுக்கவில்லை. சட்டையோடு எடுத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் வேண்டிக்கொண்ட நேரத்தில் என் மனதில் நான் கண்டது, வேட்டி கட்டி, வெறும் மார்போடு, தோளில் காவடி வைத்த என்னைத்தான். கண்டதைக் குறைத்துக் கொடுப்பது சரியில்லை என்று தோன்றியது. முழுதாகக் கொடுக்கவும் முடியவில்லை.

கலாவின் தம்பி ரவி ஜாலான் புசாரில் ஆணியும் பூட்டும் விற்கும் வன்பொருள் கடை வைத்திருக்கிறான். ஆண்டுதோறும் அலகு குத்திக் காவடி எடுப்பவன். தைப்பூசம் தவறாமல் நான் சட்டை போட்டுக்கொண்டு அவனுக்குத் தண்ணீர்ப் புட்டிகள் தூக்கி நடந்தேன். "அத்தான் எடுக்கறது தண்ணி காவடி" என்பான் கூட்டாளிகளிடம். என்னைத் தனியாகப் பார்த்தால், "முருகன் உங்களை வெயிட்டிங் லிஸ்ட்ல வச்சிருக்காரா, நீங்க அவரை வச்சிருக்கீங்களா?" என்பான். காரணம் அவனுக்குத் தெரியாது. கலாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஐம்பது வயது முடிந்த மாதத்தில் கலாதான் சொன்னாள்: "டாக்டரைப் போய்ப் பாருங்க. அழகுக்குன்னு யாராச்சும் சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

முதல் நாள், வரவேற்பு மேசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முன்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டதுண்டா? ஒவ்வாமை உண்டா? காயம் ஆறிய பின் தழும்பு தடித்து எழுந்ததுண்டா? மூன்றுக்கும் இல்லை என்று குறித்தேன். இரண்டு முறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. நாற்பத்தைந்து வயது இருக்கும். நிதானமான ஆங்கிலத்தில் பேசுவார். என் தோல் தொய்ந்திருப்பதால் சிறிய கீறல் போதாது, மார்பின் கீழ் மடிப்பில் பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் கீற வேண்டும் என்றார். மார்பு ஓயாமல் அசையும் இடம், தழும்பு தடிக்கும் வாய்ப்பு அங்கே அதிகம், கருமையான தோலில் இன்னும் கொஞ்சம் அதிகம் என்றும் சொன்னார். படிவத்தை மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டு, "இதுவரை தடித்த தழும்பு வந்ததில்லை என்பது நல்ல செய்தி" என்றார். நான் தலையாட்டினேன்.

ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை அறுவை. மயக்கத்திலிருந்து விழித்தபோது மார்பைச் சுற்றி இறுக்கமான பனியன் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்று வெளியே வந்து, கையளவு பிளாஸ்டிக் குமிழில் முடிந்தது. உள்ளே ஊறும் நீரும் இரத்தமும் தேங்காமல் அதில் வடியும். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அடுத்த கட்டிலில் இருந்தவர் தூக்கத்தில் யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். தாதி வந்து குமிழில் இருந்ததை அளந்தபோதெல்லாம் நானும் எழுதிக்கொண்டேன். இடது 22 மில்லி, வலது 25. எழுதும்போது பயம் குறைந்தது.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை குழாய்களை எடுத்தார்கள். ஒரு தாளில் பதினான்கு விதிகள் கொடுத்திருந்தார்கள். அதைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். ஐந்தாவது விதி: மூன்று வாரத்துக்குக் கைகளைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கலா என் தட்டு, தம்ளர், தேநீர்ப் பொட்டலம் எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்தாள். அலமாரியின் மேல்தட்டில் இருந்த என் வேட்டியைக்கூடக் கீழே வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை மாலை 6.50க்கு விளக்கேற்றினேன். எங்கள் வீட்டில் சாமி மாடம் சுவரில் ஐந்தே முக்கால் அடி உயரத்தில் இருக்கிறது. எண்ணெய் ஊற்றி, திரி தூண்டி, தீபம் காட்டி முடிக்க நான்கு நிமிடம். 7.15க்கு வலது மார்பு இறுகியது. 7.30க்குப் பனியனைத் தளர்த்திப் பார்த்தேன். வலது பக்கம் பழைய அளவுக்கே திரும்பியிருந்தது. தோல் மினுமினுவென்று, ஊதா நிறத்தில், கல்போல இருந்தது.

டாக்ஸியில் கலா என் கையைப் பிடித்திருந்தாள். மருத்துவமனையில், முதல் நாளிலிருந்தே என்னைக் கவனித்த ஜெசிந்தா என்ற மூத்த தாதி பணியில் இருந்தார். ஜோகூர்க்காரர், தமிழர்.

"என்ன அங்கிள் பண்ணீங்க?"

"ஒன்னும் பண்ணல."

"ஒன்னும் பண்ணாம இப்படி வீங்காது லா. எதையாச்சும் தூக்கினீங்களா? மேலேருந்து எதையாச்சும் எடுத்தீங்களா?"

"இல்ல."

"விளக்கு ஏத்தினாரு" என்றாள் கலா.

"விளக்கு எங்க இருக்கு?"

கலா கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். ஜெசிந்தா அந்தக் கையைப் பார்த்தார்.

"அங்கிள், அதுக்குப் பேரு கைய தூக்கறது இல்லையா?"

"அது சாமி கும்பிடறது."

"அது சாமிக்கா, சீலிங் ஃபேன் தொடைக்கவான்னு கைக்குத் தெரியாது அங்கிள்."

தோலுக்கடியில் ஒரு சிறு இரத்தக் குழாய் கசிந்து இரத்தம் தேங்கியிருந்தது. தேங்கிய இரத்தம் மேலிருக்கும் தோலுக்கு ஊட்டம் போகாமல் அழுத்தும். அப்படியே விட்டால் தோல் அழுகிவிடும் என்றார்கள். அன்றிரவே அதே கீறலைத் திறந்து, கழுவி, மறுபடியும் தைத்தார்கள். ஒரே இடத்தை ஐந்து நாளில் இரண்டு முறை வெட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வரை வார்டில் இருந்தேன். இது அழகு அறுவை என்பதால் காப்புறுதியும், மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் உதவவில்லை. குளியலறை ஓடு மாற்ற வைத்திருந்த பணத்தைக் கலா எடுத்தாள். "பழைய ஓடு நல்லாத்தான் இருக்கு, வழுக்காது" என்றாள். வீட்டுக்குத் திரும்பியபோது சாமி மாடம் இடுப்பு உயரத்தில், புத்தக அலமாரியின் மேல் இருந்தது.

மூன்றாம் வாரம் காயம் முழுதாக மூடியது. அதன் பிறகு தினமும் இருபது மணி நேரம் சிலிகான் பட்டை. அது தழும்பின் ஈரத்தைக் காத்து, தழும்பு மேலே எழாமல் பார்த்துக்கொள்ளும். ஆறாம் வாரம் வரை அழுத்தப் பனியன். ஒரு நாளும் தவறவில்லை. இடது பக்கம் சொன்னபடி கேட்டது. வலது பக்கம் ஏழாம் வாரத்தில் அரிக்கத் தொடங்கியது. சட்டைக்கு வெளியே ஐந்து விரலையும் வைத்து அழுத்திக்கொண்டு கூட்டங்களில் உட்கார்ந்திருப்பேன். அரிப்பு என்றால் தழும்பு வேலை செய்கிறது என்று அர்த்தம் எனப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அதனால்தான் அக்டோபர் 18 அன்று அந்த ஒரு மில்லிமீட்டர் எங்களைப் பயமுறுத்தியது. சட்டையைக் கழற்றுவதற்காகத்தான் இந்த அறுவையே. மார்பில் இரண்டு தடித்த வரிகள் பூரான்போல ஊர்ந்து வளர்ந்தால், முப்பத்தெட்டு ஆண்டு மறைத்த ஒன்றை எடுத்துவிட்டு, மறைப்பதற்கு வேறொன்றை வாங்கிக்கொண்டதாகிவிடும்.

அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமைதான் நேரம் கிடைத்தது. காலை 9.10க்கு அந்த மருத்துவமனையின் கிளினிக்கில் காத்திருந்தோம். தாள்கள் ஒரு கோப்பில், தேதி வரிசையில். எதிரே மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிய இளம்பெண் ஒருத்தி திறன்பேசியின் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் எண் வர ஐம்பத்து மூன்று நிமிடம் ஆயிற்று. அதற்குள் அந்தக் கோப்பை நான்கு முறை திறந்து மூடியிருப்பேன். கலா ஐந்தாவது முறை அதை என் மடியிலிருந்து எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பலகையில் வைத்தார்.

"யார் உங்களை இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை."

தழும்பு இரண்டு விதமாகத் தடிக்கலாம் என்று விளக்கினார். கீறிய கோட்டுக்குள்ளேயே தடித்து நின்றால் அது காலப்போக்கில் தணியும். கோட்டைத் தாண்டி, காயமே படாத நல்ல தோலுக்குள் நுழைந்தால் அது கீலாய்டு. தானாக நிற்காது. வெட்டி எடுத்தால் பெரும்பாலும் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பும்.

"இரண்டு முறை திறந்த காயம் என்பதால் தடிப்பது புரிகிறது. தாண்டுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் கேட்கிறேன். உடம்பில் வேறு எங்காவது தடித்த தழும்பு இருக்கிறதா?"

"இல்லை" என்றேன்.

கலா என் பக்கம் திரும்பினாள். தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டாள்: "என்னங்க, காது?"

"அது காது குத்தினது."

"அதான் கேக்கறேன்."

டாக்டருக்குத் தமிழ் புரியாது. ஆனால் கலாவின் கண் போன இடம் புரிந்தது. எழுந்து வந்து, என் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, இடது காதின் மடலை முன்னால் வளைத்தார். அங்கே, மடலுக்குப் பின்னால், ஒரு உருண்டை இருக்கிறது. முன்னிருந்து பார்த்தால் தெரியாது. முடி வெட்டுபவர்கள் கத்தரிக்கோலைச் சுற்றிக் கொண்டுபோவார்கள்.

எப்போதிலிருந்து என்று கேட்டார். சொன்னேன். எங்கள் வழக்கப்படி குழந்தைக்கு ஒரு வயதிலேயே குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவார்கள். எங்கள் கோயில் தமிழ்நாட்டில் இருந்தது. குடும்பத்தோடு பயணம் போக அப்பாவுக்குப் பத்து ஆண்டு ஆனது. அதனால் பதினோரு வயதில், கால் தரையைத் தொட, மாமா மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்டேன். ஆறு மாதத்தில் இடது மடலில் பட்டாணி அளவுக்கு வந்தது. பதினாறு வயதில் இங்கே ஒரு டாக்டர் அதை வெட்டி எடுத்தார். அடுத்த ஆண்டே இரண்டு மடங்காகத் திரும்பியது.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"வெட்டி எடுத்ததும் ஓர் அறுவைதான்."

"ஆமாம்."

"படிவத்தில் இரண்டு கேள்விக்கும் இல்லை என்று இருக்கிறது."

"அதைக் காயமாக நான் நினைக்கவில்லை. அது ஒரு சடங்கு."

இதைச் சொன்ன உடனே எனக்கு ஜெசிந்தா சொன்னது நினைவுக்கு வந்தது. கலாவுக்கும் வந்திருக்க வேண்டும். அவள் தன் கைப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறைத்தேனா என்று பிறகு பல நாள் கேட்டுப் பார்த்தேன். படிவத்தில் டிக் போட்ட நேரத்தில் காது நினைவுக்கு வரவில்லை. அது உண்மை. தினமும் காலையில் கண்ணாடியை மாட்டும்போது என் விரல் அந்த உருண்டையைத் தொடுகிறது. அதுவும் உண்மைதான்.

தெரிந்திருந்தால் அறுவையை மறுத்திருப்பீர்களா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இன்னும் ஆறு மாதம் யோசிக்கச் சொல்லியிருப்பேன். அப்படியும் வேண்டுமென்றால், தையல் பிரித்த உடனே ஊசியைத் தொடங்கியிருப்பேன். பத்து வாரம் போய்விட்டது." பிறகு, குரலை மாற்றாமல், "உங்கள் தாள்கள் இல்லாவிட்டால் இருபது வாரம் போயிருக்கும்" என்றார்.

அன்றே முதல் ஊசி. ஸ்டீராய்டு மருந்தைத் தழும்புக்குள்ளேயே செலுத்துவார்கள். அது வீக்கத்தை அடக்கி, தேவையில்லாமல் உருவாகும் நாரைக் கரைக்கும். தழும்பு கெட்டியாக இருப்பதால் மருந்து எளிதில் உள்ளே போகாது. ஒன்பது சென்டிமீட்டருக்குள் பதினொரு குத்து. வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த வலிகளில் இரண்டாவது. முதலாவது பதினோரு வயதில் மாமா மடியில். ஜெசிந்தா என் காலைப் பிடித்துக்கொண்டு, "எண்ணுங்க அங்கிள், உங்களுக்கு எண்ணப் பிடிக்கும்ல" என்றார். எண்ணினேன்.

நான்கு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார்கள். இடையில் தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா என்று கிளினிக்குக்குப் போன் செய்து கேட்டேன். தழும்பில் படாமல் தலைக்கு மட்டும் என்றார் ஜெசிந்தா. சந்தனம் வைக்கலாமா? நெற்றியில் வைக்கலாம். விழுந்து கும்பிடலாமா?

"இப்ப எல்லாத்தையும் கேக்கறீங்க அங்கிள்."

"சாமிக்கா வேறெதுக்கான்னு உடம்புக்குத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

நவம்பர் ஊசிக்குப் பிறகு அரிப்பு நின்றது. டிசம்பரில் வலது அகலம் 3.6. ஆனால் அந்த வெளி முனை நகர்ந்த இடத்திலேயே நின்றது, பின்வாங்கவில்லை. தைப்பூசம் பிப்ரவரி 11. டிசம்பர் கடைசியில் மரக்கறி விரதம் தொடங்கினேன். ரவியின் கடைக்குப் போய், இந்த ஆண்டு நானும் எடுக்கிறேன் என்றேன். திருகாணி எண்ணிக்கொண்டிருந்தவன் எண்ணிக்கையை விட்டுவிட்டான். "அத்தான், சட்டை போட்டுக்கிட்டா?" என்றான். பார்க்கலாம் என்றேன்.

ஜனவரி 14, நான்காவது ஊசி. டாக்டரிடம் ஒரு வரைபடம் கொண்டுபோனேன். காவடியின் நீளம், வளைவு, இரண்டு பால் செம்புகளோடு எடை 4.6 கிலோ, தோளில் எங்கே உட்காரும், பிடிக்கும்போது கை எந்தக் கோணத்தில் இருக்கும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று எல்லாம் குறித்திருந்தேன். டாக்டர் அதை வெகு நேரம் பார்த்தார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஊசி, அலகு எதுவும் உண்டா?"

"என் வேண்டுதலில் இல்லை."

"இனி எப்போதும் கூடாது. நாக்கு, கன்னம், எங்கேயும். உங்களுக்குக் குத்தும் ஒவ்வோர் இடமும் அந்தக் காதாகலாம்."

பிறகு வரைபடத்தில் என் கையின் மேல் விரலை வைத்தார். மூன்று மணி நேரம் கை இப்படி இருந்தால் மார்புத் தோல் இழுபடும். இழுப்புதான் கீலாய்டுக்கு உணவு. அதற்குள் ஆறு மாதம் ஆகிவிடும் என்பதால் காயம் பிரியாது. அடங்கிக்கொண்டிருப்பது மறுபடியும் விழித்துக்கொள்ளுமா என்று தன்னால் சொல்ல முடியாது. வெயில் பட்டால் தழும்பு நிரந்தரமாகக் கறுக்கும். எடுப்பதானால் இருட்டு விலகுவதற்குள், தழும்பின் மேல் நாடா ஒட்டி, வலித்தால் உடனே இறக்கிவைத்து. "செய்யுங்கள் என்று சொல்லவில்லை. செய்யாதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன்" என்றார். காதுக்கும் ஊசி போடலாம், அளவு குறையும் என்றார். தைப்பூசம் முடியட்டும் என்றேன்.

கலா வேண்டாம் என்றாள். ரயிலில் கிளமெண்டி வந்து இறங்கி, வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"எனக்காகத்தானே வேண்டிக்கிட்டீங்க? நான் சொல்றேன், வேணாம்."

"உனக்காகத்தான். உன்கிட்ட வேண்டிக்கல."

"முருகன்கிட்ட நான் பேசிக்கறேன். பால் குடம் நான் எடுக்கறேன், கணக்கு தீந்திடும்."

"அது உன் கணக்கு."

"நாலு மாசமா பதினொன்னு பதினொன்னா குத்திக்கிட்டீங்க. நான் வெளில உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். அது மறுபடியும் வளந்துச்சுன்னா?"

அன்றைய குறிப்பில், "கலா கேட்டாள். பதில் இல்லை" என்றுதான் இருக்கிறது. நான்கு நாள் கழித்து அவள் கடையிலிருந்து மெல்லிய பஞ்சுத் துண்டு ஒன்று வாங்கி வந்தாள். காவடியின் தோள்படும் இடத்தில் அதை இரண்டு மடிப்பாகச் சுற்றித் தைத்தாள். கைப்பிடியை எட்டு சென்டிமீட்டர் கீழே இறக்கித் தரும்படி ரவியிடம் சொல்லியனுப்பினாள். கை தோளுக்கு மேல் போகாமலிருக்க.

பிப்ரவரி 11 அதிகாலை ஐந்து மணிக்குச் சிராங்கூன் சாலைக் கோயில் வளாகத்தில் நின்றோம். ரவியின் நேரம் ஒன்பது மணிக்குத்தான். என்னை அனுப்பிவைக்க வந்திருந்தான். கலா காவடியைப் பிடித்துக்கொண்டாள். நான் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினேன். ஐந்து பொத்தான். சட்டையை மடித்துக் கலாவின் பையில் வைத்தேன். காற்று மார்பில் பட்டது. ஐம்பத்தொரு வயதில், பலர் முன் நானாகச் சட்டையைக் கழற்றியது அதுதான் முதல் முறை.

ரவி பார்த்தான். பழுப்பு நாடா இரண்டு. வலது நாடாவின் வெளி ஓரத்தில் தழும்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"என்ன அத்தான் இது? ஹார்ட்டா?"

"இல்ல. ரெண்டு பக்கமும் பொம்பளைங்க மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டேன். இது அதோட தழும்பு."

சொல்ல எத்தனை நேரம் ஆகும் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. நான்கு விநாடி.

ரவி கலாவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் வாய்வரை ஏதோ கேலி வந்து அது உள்ளேயே நின்றதுபோல இருந்தது. பிறகு குனிந்து, கலாவின் காலடியில் இருந்த தண்ணீர்ப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் தோள்பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னிக்குத் தண்ணி காவடி நான் எடுக்கறேன்" என்றான். "நடங்க அத்தான், லேட்டாவுது."

நடந்தேன். ஆர்ச்சர்ட் பக்கம் திரும்பும் இடத்தில் வலது பக்கம் இழுத்தது. இறக்கிவைத்தேன். இரண்டு நிமிடம். அதற்கப்புறம் இன்னும் இரண்டு முறை. கலா ஒவ்வொரு முறையும் நாடாவின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டாள். டேங்க் ரோடு கோயிலில் பால் ஊற்றியபோது மணி 7.25. வெளியே வந்தபோது வெயில் இன்னும் கட்டடங்களுக்குப் பின்னால் இருந்தது. கலா சட்டையை நீட்டினாள், வாங்கிப் போட்டுக்கொண்டேன். அது வெயிலுக்காக.

மாலையில் நாடாவை உரித்துத் தாளை வைத்துப் பார்த்தேன். கோடு அதே இடத்தில் இருந்தது. ஒரு நாளில் தெரியாது, மாதங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதையும் எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். பத்து மணிக்குக் கிளினிக், இந்த முறை காதுக்கும் ஊசி. சிலிகான் பட்டைகளை உரிப்பதற்கு முன், வெர்னியரைக் கலாவிடம் கொடுத்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இடது காதின் மடலை முன்னால் வளைத்துப் பிடித்தேன். அந்த இடத்தை என்னால் பார்த்து அளக்க முடியாது. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். உலோகம் குளிர்ந்தது.

"எந்தக் கோட்டைப் பாக்கணும்?"

"சைபர் எங்க நிக்குதுன்னு பாரு."

"பதினொன்னு தாண்டி இருக்கு. பதினொன்னு புள்ளி நாலு."

நோட்டில் புதிய வரி போட்டு, முதலில் காது என்று எழுதி, அவள் சொன்னதை எழுதினேன்.